நான்காம் தொட்டி

ஸ்பால்டிங்கில் டிசம்பர் மாலை நாலுக்கே இருட்டிவிடும்.
டெய்னியுஸ் லாரியைப் பின்னால் எடுத்துக்
கொட்டிவிட்டுப் போனான், ஆறு டன்.
இரண்டு கால் முளைத்த கேரட்,
இயந்திரத்தின் பல் பட்ட பீட்ரூட்,
சிப்ஸ் ஆலையின் உருளைக்கிழங்குத் தோல்.
ருசியில் ஒரு குறையும் இல்லை.
கடைத்தட்டுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அரைத்தேன். ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கினேன்.
புளிப்பை ஐந்தில் நிறுத்தினேன்.
குளிர்பெட்டியிலிருந்து நொதி,
தேன் நிறத்தில் மூன்று லிட்டர்.
ஆறு டன்னுக்கு அது போதும்.

சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தால்
கொஞ்ச நேரத்தில் இனிக்குமே,
அந்த வேலைதான்.
நாக்கில்லாமல், பல்லில்லாமல்
எஃகில் ஒரு வாய்.
நொதி ஒரு கண்ணியை அறுக்கும்,
அடுத்ததற்கு நகரும்,
அறுத்ததில் துணுக்கும் தனக்கென்று எடுக்காது.
கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள்கூட
இவ்வளவு கைசுத்தமாய் இருந்து நான் பார்த்ததில்லை.

பத்து மணி: லிட்டருக்குப் பதினெட்டு கிராம்.
பன்னிரண்டு: முப்பத்தொன்று.
இரண்டு: நாற்பத்துநான்கு.
சோதனைக் குழாயில் மஞ்சள்
கொதித்துக் கொதித்துச் செங்கல் நிறமானது.

இரண்டேகாலுக்கு என் முறை.
கையுறை கழற்றி, கை கழுவி,
நடுவிரலில் ஊசி.
ஐந்து விநாடி.
ஒன்பது புள்ளி இரண்டு.
அரை பன்னுக்கு இவ்வளவா?

அதே குளுக்கோஸ்.
ஆறு கார்பன், அதே வளையம்,
ஒரு அணு கூடக் குறைய இல்லை.
அங்கே ஏறினால் போனஸ்.
இங்கே ஏறினால் டாக்டர் ஹெப்வர்த்
கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

தூக்கக் கலக்கத்தில்
தொட்டியின் கட்டத்தில்
என் இரத்தத்தைப் பதிந்துவிட்டேன்.
கணினிக்கு என்ன தெரியும்,
அலறி, வீட்டில் தூங்கிய பிளைத்தை எழுப்பிவிட்டது.

"ரூபினி, நாலில் வெறும் ஒன்பதா? யார் தின்றது?"

கேட்டதில் நியாயம் இருக்கிறது.
போன மாதம் இரண்டாம் தொட்டியில்
கூப்பிடாத பாக்டீரியா
பந்திக்கு முந்தி உட்கார்ந்து
அத்தனை சர்க்கரையும் தின்று
புளித்த மோரை எங்களுக்கு மிச்சம் வைத்தது.

"தொட்டி நன்றாக இருக்கிறது.
அது நான்" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு, "சாப்பிட்டு எவ்வளவு நேரம்?" என்றார்.
கேட்ட விதத்திலேயே தெரிந்தது.
"பதினோரு வருஷம்" என்றார், நான் கேட்காமலே.
"பன்னைத் தொடாதே. நடந்து பார்."

நடந்தேன், தொட்டியைச் சுற்றி, முப்பது சுற்று.
வலம் வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
உள்ளே ஒரு கேரட் கரைந்துகொண்டிருந்தது,
வெளியே நான்.

நாலு மணி.
தொட்டி ஐம்பத்திரண்டு.
நான் ஏழு புள்ளி எட்டு.
கட்டத்தை இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.

வாசலில் ஹாரன்.
டெய்னியுஸ். இந்தத் தடவை முட்டைக்கோசு.