பனிக்கட்டி இயந்திரத்தின் அருகே

விதி எளியது.
உன் கல்லூரியின் பெயர் வந்தால்
நீ எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

இண்டியானாபொலிஸ், பதினான்காவது மாடி.
சனி இரவு ஞாயிறாகிக்கொண்டிருந்தது.
கழற்றிப்போட்ட காலணிகளை
மேசைக்கடியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.
கூடவே கார்வின் ட்ரெஸ்க்கும் எழுந்தார்.

அறுபத்தேழு பெயர்கள் பலகையேறிவிட்டன.
மிச்சம் ஓர் இடம்.
அதற்கு நின்ற இரண்டில்
ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
நடுவில் இருப்பவர்கள் நடுவர்கள் என்றால்
ஒரு நீளக் கம்பளத்தின் ஓரத்தில்
பனிக்கட்டி இயந்திரத்தோடு நிற்கும்
எங்களுக்கு என்ன பெயர்?

அது செருமியது.
செருமிச் செருமி ஒரு பிடி கட்டிகளைக் கொட்டியது.

பேசக் கூடாத ஒன்றைத் தவிர
எதையும் பேசலாம்.
அவர் தன் நாயைப் பற்றிப் பேசினார்.
பதினோரு வயது, இடுப்பு போய்விட்டது,
மாடிப்படியின் முன் நின்று
படியையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.
வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை.
பாவம், என்றேன்.
பாவமாகத்தான் இருந்தது.

நான் சொல்லாதது:
ஐந்து வருடங்களாக உங்களுக்கு எழுதினோம்.
எங்கள் ஊருக்கு வந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள்.
விமானச் செலவு எங்களுடையது,
வேண்டுமானால் நடுவர்களையும் நீங்களே கூட்டிவாருங்கள்.
அட்டவணை நிரம்பிவிட்டது என்று
ஐந்து முறையும் ஒரே வரி வந்தது,
கையெழுத்துக்கூட ஒரே அச்சு.
வென்றால் உங்களுக்கு லாபமில்லை,
தோற்றால் ஊர் சிரிக்கும்.
நானாயிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

இப்போது உள்ளே ஒருவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டிருப்பார்:
இருபத்தேழு வெற்றி, சரி.
யாரை வென்றார்கள்?

வராதவர்களை எப்படி வெல்வது.

தபிதா ஓஸ்ட்பி
நாலு மணிக்கு அப்பாவின் கொட்டிலில் கறவையை முடித்துவிட்டு
ஆறு மணிப் பயிற்சிக்கு வருபவள்.
தலைமுடியில் வைக்கோல் இருந்தால்
யாரும் சொல்ல மாட்டார்கள், எடுத்துவிடுவார்கள்.
போன சனிக்கிழமை, கடைசி நொடியில்,
அவள் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில்
இரண்டு சுற்றுச் சுற்றி
கொஞ்சம் யோசித்து
வெளியே விழுந்தது.
அது உள்ளே விழுந்திருந்தால்
எங்களுக்கு இந்த அறையின் தயவே வேண்டியதில்லை.

இதையெல்லாம் நியாயத்தின் பக்கம் நின்று
சொல்லிவிட்டுப் போயிருப்பேன்,
முந்தைய நாள் காலை இல்லாமலிருந்தால்.

டன்மோர் ஸ்பிரிங்ஸ்.
தெற்கே, ஆயிரத்து இருநூறு மாணவர்கள்.
பயிற்சியாளரின் பெயரை மூன்று முறை வாசித்தேன்,
இப்போது நினைவில் இல்லை.
இருபத்தாறு வெற்றி.
கை தூக்கிக் கேட்டது நான்தான்:
யாரை வென்றார்கள்?
யாரும் பதில் சொல்லவில்லை, நானும் காத்திருக்கவில்லை.
விசையை அழுத்தினேன்.
அன்று காபி நன்றாக இருந்தது,
இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டேன்.

அவர்களுக்காக வெளியே போய் நிற்க
அந்த அறையில் ஒருவருமில்லை.
வெளியே போக ஆளிருப்பதும்
ஒரு வசதிதான் என்று
காலுறை வழியாகக் குளிர் ஏறும்போது புரிந்தது.

கதவு திறந்தது. நாற்பது நிமிடம்.
ட்ரெஸ்க் அதைப் பிடித்துக்கொண்டு
என்னை முதலில் போகவிட்டார்.
உள்ளே யாரும் நிமிரவில்லை.
எல்லோருக்கும் திடீரென்று
எண்களில் அவ்வளவு ஈடுபாடு.
பலகையை நான் பார்க்கவில்லை.
காலணிகளைத் தேடினேன்,
ஒன்று யாருடைய காலிலோ இடறி
தள்ளிப்போயிருந்தது.

மூன்று மணிக்கு லிஃப்டில் நானும் அவரும்.
எங்கள் ஊரில் பதின்மூன்று பெண்கள்
தூங்கிக்கொண்டிருப்பார்கள்.
மாலையில் தேவாலயத்து அடித்தளத்தில்
பெரிய திரை, மடக்கு நாற்காலிகள்,
யாரோ கேக்குக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பதாவது மாடியில் ட்ரெஸ்க்
தன் காலணி நுனியைப் பார்த்தபடி சொன்னார்:
வெள்ளிக்கிழமையை மாற்ற வேண்டும்.
நாய்க்கு வேறு நாள் கேட்க வேண்டும்.

கேளுங்கள், என்றேன்.
ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்.
அதனால் படியேற முடியவில்லை.