ஓதத்துக்குக் காத்திராதது

புக்கிட் ரோத்தான் செம்பனை ஆலை, இரவு ஷிப்டு.
கொட்டை ஓடும் நாரும் தின்று
என் பாய்லர் ஏப்பம் விடுகிறது.
முள் இருபதில்.
பத்தொன்பதுக்கு இறங்கினால்
ஃபோர்மன் இருதயசாமி போன் அடிப்பார்.

மத்தியானம் ஆற்றோரம் கால்வாய் வெட்டிய இயந்திரம்
ஓர் இரும்புத் தகட்டைக் கடித்துத் துப்பியது.
நாற்பத்தொரு கிலோ.
பாலத்து இரும்பு என்றான் லோரிக்கார கோக் வேங்.
நான் குந்தி உட்கார்ந்து ஆணித் துளைகளை எண்ணினேன்.
இரட்டை வரிசை, தள்ளித் தள்ளி, அத்தனை நெருக்கம்.
பாலத்துக்கு இப்படித் தைக்க மாட்டார்கள்.
உள்ளே
நீராவி உட்கார்ந்திருந்திருக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் அந்தச் சண்டைக்கு அரைப் பக்கம்.
ஈயம் இறங்கும் ஆறு,
ஆற்று வாயில் உட்கார்ந்தவனுக்கு வரி,
மற்றதெல்லாம் பங்காளிச் சண்டை.
அதுவரை ஓதம்தான் எசமான்.
ஏறும்போது வந்தார்கள், வற்றும்போது போனார்கள்,
இடையில் சேற்றில் சாய்ந்த படகுகளில்
இரு தரப்பும் சோறு பொங்கியது.

பிறகு புகை வந்தது.
வற்றத்தில், எதிர்க்காற்றில்,
நிலாவையும் கேட்காமல்
ஆற்றுக்குள் நுழைந்த புகை.
எங்கள் ஆட்களை ஏற்றி வந்தது பிற்பாடு;
முதலில் குண்டுதான் ஏற்றி வந்தது.

அதன் வயிற்றில் ஒருத்தன் இருந்திருப்பான்.
நாகூர்க்காரனோ, சிட்டகாங்கோ,
சம்பளப் புத்தகத்தில் பேர் தப்பாய் எழுதப்பட்டவன்.
மேலே மணி ஒருமுறை அடித்தால் கரி.
இரண்டுமுறை அடித்தால் இன்னும் கரி.
பீரங்கி எந்தப் பக்கம் திரும்பியது,
குன்றின் கோட்டை யாருடையது, எப்போது விழுந்தது,
அவனுக்கு எல்லாம்
முள்ளில் ஒரு நடுக்கம்.
வாளித் தண்ணீர் லேசாய்ச் சிந்தியிருக்கும்.
யாரோ செத்தார்கள் என்று
இரண்டு நாள் கழித்துச் சமையல்காரன் சொல்லியிருப்பான்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா?
தோட்டம் கம்பெனி மாறிய அன்று
நான் இங்கேதான் இருந்தேன்.
லயத்தை இடித்தார்களே, அன்றும்
இருபது.

கோக் வேங்குக்கு நாற்பத்தைந்து வெள்ளி கொடுத்தேன்.
அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.
தகடு இப்போது உலை வாய்க்கு முன்னால்,
நான் நிற்கும் இடத்தில் கிடக்கிறது.
இத்தனை சூட்டிலும்
ஒரு துளையிலிருந்து மட்டும்
சேறு கசிந்துகொண்டே இருக்கிறது.

என்னய்யா இது என்றார் இருதயசாமி.
கால் சுடுதுங்க என்றேன்.