கூப்பிடு தூரம்

அப்புத்தளையில் ஓட்டோக்காரர் கேட்டார்:
ரயில் இருக்க, என்னத்துக்கு நடக்கிறீங்க?
பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

கல்லில் தீட்டிய மஞ்சள் அம்பிலிருந்து தொடங்கினோம்,
பிரியந்தினியும் நானும்.
தோள்பை இரண்டு, மழைக்கோட்டு ஒன்று.
மற்றது மட்டக்களப்பில்
என் அறைக் கதவின் ஆணியில் காய்கிறது.
அதை எடுத்துவைக்க வேண்டியது யார் என்பதிலேயே
முதல் மூன்று கிலோமீற்றர் கழிந்தது.

தேயிலைக்குள் பாதை ஒடுங்கி
ஒரு பாதத்துக்கு மட்டும் இடம் விட்டது.
இடுப்பில் படங்கு கட்டிய அக்கா ஒருத்தி
செடி விலக்கி நின்றாள்.
ஒஹியவுக்கு எவ்வளவு தூரம் அக்கா?
என் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தை.
'அதெல்லாம் தெரியாதும்மா.
இது பன்னெண்டாம் நம்பர் மலை.
அங்கிட்டு பதிமூணு. அதுக்கப்புறம் வேற தோட்டம்.
ஆமா, இப்படி நடந்தா பேர் போடுவாங்களா?'
நான் என் பேரைச் சொன்னேன்.
நிரை முழுக்கச் சிரித்தது.
பேர் என்றால் இங்கே ஒரு நாட் சம்பளம் என்று
பதிமூன்றாம் நம்பர் தாண்டித்தான்
பிரியந்தினி வாய் திறந்தாள்.
பண்டாரவளையில் பிறந்தவள்; முன்பே சொல்லியிருக்கலாம்.

அடுத்த அம்பு ஒரு லயத்துச் சுவரில் இருந்தது.
தடம் அவர்கள் வாசலுக்குள்ளால் போகிறது.
முகம் மழித்துக்கொண்டிருந்தவர்
சவர்க்கார நுரையோடு எழுந்து
தண்ணீர்ச் சட்டியை நகர்த்தி வழிவிட்டார்.
மன்னிக்கணும் அண்ணே என்றேன்.
'பரவால்ல, காலையிலயிருந்து நீங்க நாலாவது.'
சுவரைத் தட்டிக் காட்டினார்:
'நல்ல பெயின்ற். ரெண்டு மழைக்கும் அசையல.
கூரைக்கு இதுல ஒரு வாளி கெடைக்குமா?'

லீக்ஸ் பாத்திகளில் மருந்தடித்த பியசோம
என் அரைச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு,
கிட்டத்தான், ஒரு வெற்றிலை மெல்லும் தூரம் என்றார்.
எங்களிடம் வெற்றிலை இல்லை.
ஒரு பக்கெற் மாரி பிஸ்கற் மென்று முடித்தோம்.
ஒஹிய வரவில்லை.

பிறகு காடு.
காலுறையில் சவர்க்காரம் தேய்த்தும்
அட்டைகள் எங்களை வாசித்துக்கொண்டு ஏறின.
குனிந்து ஒன்றைச் சுண்டி நிமிர்ந்தேன்.
மூடுபனி.
முன்னால் போன நீல மழைக்கோட்டு இல்லை.
மரங்கள் இல்லை. அம்பு இல்லை.
கைபேசியில் ஒரு கோடும் இல்லை,
காலடி எண்ணிக்கை மட்டும் இருபத்தோராயிரம்.

பிரியந்தினீ.

கூப்பிடு தூரம் என்று படித்திருக்கிறேன்.
அது எத்தனை முழம் என்று
எந்த ரீச்சரும் சொல்லித் தரவில்லை.
இன்னொரு தரம் கூவினேன்.
ஊ என்றது இடப்பக்கத்து மலை.
ஊஉ என்றது கீழேயிருந்து ஒரு பெண் குரல்.
இன்னும் ஒன்று, ஆண்குரல், வெகு மேலே.
மூன்றும் அவளில்லை.
மூன்றும் எனக்குப் பதில்.

என்ன நினைத்தேனோ தெரியாது,
வெள்ளைக்குள் முகத்தை வைத்துக் கத்தினேன்:
மழைக்கோட்டை மறந்தது நான்தான்!

எங்கோ கொழுந்தெடுக்கிறவர்கள் சிரித்தார்கள்.
பத்தடிக்குள்,
ஒரு கருப்பந்தேயில மரத்துக்குப் பின்னால்,
அலுத்த குரல் ஒன்று:
தெரியும். வரும்போதே பார்த்தேன், கதவில்.

பார்த்தாயா?
பார்த்தேன்.
அப்ப ஏன் எடுக்கல்ல?
நீ எடுப்பாய் என்று நினைத்தேன்.

மழை பிடித்தது.
கோட்டைக் கழற்றி
இரண்டு தலைக்கும் மேலாக விரித்துக்கொண்டோம்.
நாலு தோளும் நனைந்தன.
உப்புப் பொட்டலம் பிரித்து
அவள் கணுக்காலில் தொங்கிய கொழுத்த ஒன்றுக்கு வைத்தேன்;
சுருண்டு விழுந்தது,
விழுந்த இடத்தில் நிற்காமல் ஒழுகியது ரத்தம்.

கீழே சுரங்கத்தை விட்டு வெளியேறிய ரயில்
நீளமாக ஒரு கூவு கூவியது.
பன்னிரண்டாம் நம்பரோ பதிமூன்றோ,
ஒரு மலையிலிருந்து யாரோ
அதற்கும் ஊ என்றார்கள்.