பிழை ஏதும் இல்லை

ஏழு பேர் உட்காரலாம்.
நாங்கள் மூன்று பேர்தான்,
நானும் இரண்டு பையன்களும்.
காலியாக வரும் நாலு இருக்கைக்கும் சேர்த்துத்தான்
ஷார்ஜாவிலிருந்து தவணை வருகிறது,
மாதம் ஐந்தாம் தேதி.

கூத்தாநல்லூரிலேயே நம்ம வண்டிக்குத்தான்
தானாகத் திறக்கும் கதவு என்று
மச்சான் போனில் பெருமையடித்தது
கதவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.
லெட்சுமாங்குடி பாலம் ஏறினால்
யாரையும் கேட்காமல் திறந்துகொள்கிறது.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று
ஒரு பார்வை.
பாலம் இறங்கியதும் மூடிக்கொள்கிறது.
இதற்குள் சின்னவன்
ஒரு கால் செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டான்.
மற்றதை இன்னும் வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறான்,
ஆறு திருப்பித் தரும்போது ஜோடி வேண்டுமாம்.

தை மாசத்தில்
ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி நமக்கு.
நெல்லைக் கண்டதும் திரை முழுக்கச் சிவந்து
நான் மிதிக்காத பிரேக்கை அது மிதிக்கிறது.
பின்னால் வந்த மினி பஸ்காரர்
ஜன்னலோரம் வந்து திட்டிய திட்டையெல்லாம்
பொறுமையாகக் கேட்டுவிட்டு
சாரி, எனக்குப் புரியவில்லை என்றது வண்டி,
இங்கிலீஷில்.
காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அமிர்தவல்லி
கிட்டே வந்து கேட்டாள்:
கொஞ்சம் தள்ளிக்கவா?
என்னிடம் இல்லை, வண்டியிடம்.

பெருநாளுக்கு வாங்கிய கிடாயை
நடு இருக்கையில் ஏற்றியது என் தப்புதான்.
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று
மன்னார்குடியிலிருந்து வண்டி கத்த,
கிடாயும் விடாமல் பதிலுக்குக் கத்த,
வடபாதிமங்கலம் தாண்டுகிற தலைவலியில்
இறங்கிப் பூட்டிவிட்டேன் பெல்ட்டை.
இரண்டும் ஒரே நேரத்தில் வாயை மூடின.

தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனால் மட்டும்
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி
அத்தனை அடக்கம்.
செந்தாமரைக்கண்ணன் என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
ஒயரைச் சொருகி, லேப்டாப்பைப் பார்த்து,
பாலமா மேடம், இங்கே பாலம் இல்லையே என்று சொல்லி
காகிதம் ஒன்று எடுத்துக் கொடுத்தான்:
பிழை ஏதும் இல்லை.
ஆயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய்.

வண்டி என்னிடம் இருக்கிறது.
வண்டியின் ஆப் அவரிடம் இருக்கிறது.
கதவு சரியா சாத்தலை.
பின் டயரில் காத்து கம்மி.
எதுக்கு நேற்று திருவாரூர் வரைக்கும்?
தையல்காரியிடம் போனேன் என்று நான் சொல்லுமுன்
வண்டி சொல்லியிருக்கும்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் காலையில் போன்:
ராத்திரி ரெண்டு மணிக்கு
முத்துப்பேட்டைக் கடல்ல உனக்கு என்ன புள்ள வேலை?
அலையாத்திக் காட்டையும் தாண்டி
தண்ணீருக்கு நடுவில்
நீலப் புள்ளியாக நின்றிருக்கிறது எங்கள் வண்டி.
எட்டிப் பார்த்தேன்.
கொட்டகைக்குள் நனையாமல்,
முன் சக்கரத்தில் பூனை.
நான் சிரித்தேன்.
அவர் சிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தக் கொஞ்ச நேரத்தை
சர்வீஸ் காகிதத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்புறம் பத்து நாள்
சாவியைத் தொடவில்லை.
பையன்கள் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனார்கள்.
வண்டி நகரவில்லை என்று ஆப் சொல்லியிருக்கும்,
அதையாவது சரியாகச் சொல்லியிருக்கும்.

பதினோராம் ராத்திரி ஊருக்கே கரண்ட் இல்லை.
கொசுவுக்குத் தூக்கம் கலைந்து
வாசலில் வந்து நின்றால்
வண்டி இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டியது.
கொஞ்சம் விட்டு, இன்னும் இரண்டு தரம்.
ஆரஞ்சு வெளிச்சத்தில்
கொட்டகைச் சுவர், சைக்கிள், பூனை
வந்து வந்து போயின.
நமக்கு ஒரு மணி என்றால் அங்கே பதினொன்றரை.
நீங்களா என்று அனுப்பினேன்.

நான் இல்லை, நான் தூங்கிட்டேன்
என்று உடனே பதில் வந்தது.

காலையில் பாட்டரி சுத்தமாகக் காலி.
எதிர்வீட்டு டிராக்டரிலிருந்து
ஒயர் இழுத்துத்தான் கிளப்பினோம்.