முகவரிக் கட்டம்

ஹல் நகரில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை விரிப்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.
தோக்கொசானி குடையில்லாமல்தான் வந்தாள்,
ஏழு மாத வயிற்றின்மேல்
கோட்டைப் பொத்தானிட முடியாமல்.

பில் பிரிவு தரைத்தளத்தில்,
பிணவறைக்குத் திரும்பும் வழியில்.
பதினோரு வருடமாக இங்கே உட்கார்ந்து
யார் கட்ட வேண்டும், யார் வேண்டாம் என்று
பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

விதி இப்படி:
அவன் முறித்த மணிக்கட்டுக்குக் கட்டணம் கிடையாது,
அது வன்முறை.
அந்தக் கையால் அவள் அணைத்திருந்த வயிற்றுக்கு உண்டு,
அது பிரசவம்.
எக்ஸ்ரே இலவசம். ஸ்கேன் கணக்கில்.
ஒரே படுக்கை, ஒரே இரவு.
மணிக்கட்டை ஒரு கோப்பில் போட்டேன்,
குழந்தையை இன்னொன்றில்.

"இதுவும் அவன் செய்ததுதானே," என்றாள்,
"வேண்டாம் என்று நான் சொன்ன இரவில்."
அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
சாட்சி கேட்கும்.

மொத்தம் ஆறாயிரத்து நூற்று எண்பது பவுண்டு.
அவள் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.
"எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள்?"

பதிவில் இருந்தது அவன் வீடு.
தபால் பத்து மணிக்கு வரும்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
அவள் பெயருக்கு ஏதாவது விழுகிறதா என்று
கதவருகிலேயே உட்கார்ந்திருப்பானாம்.
புதிய இடத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று
காப்பகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
கட்டம் சிவப்பாகத் துடிக்கும்.

மோரீன் டீ குடிக்கப் போயிருந்தாள்.
நான் நல்லவள் ஒன்றும் இல்லை.
கடனை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது,
இருந்திருந்தால் அழித்திருப்பேனா, தெரியாது.
இந்த மருத்துவமனையின் முகவரியையே தட்டினேன்,
என் அறை எண்ணோடு.
சிவப்பு அடங்கியது.
அவள் எழுந்து போனாள்.
நாற்காலியில் ஈரம் இருந்தது, மழையுடையது.

அடுத்த ஸ்கேனுக்கு வரவில்லை.
அதற்கடுத்ததற்கும்.

மாதத்தின் முதல் செவ்வாய்தோறும்
பழுப்பு உறை ஒன்று என் மேசைக்கு வருகிறது.
நினைவூட்டல். இறுதி நினைவூட்டல்.
இறுதிக்குப் பிறகும் ஒன்று.
மேலே அவள் பெயர்,
உள்ளே அச்சிட்ட என் கையெழுத்து.
பிறந்ததா, எங்கே, யார் கையில் என்று
எந்த உறையிலும் இருக்காது,
ஆகவே பிரிப்பதில்லை.

கீழ் இழுப்பறை
இப்போதெல்லாம் முழுதாக மூடுவதில்லை.