அறுபத்து மூன்றாம் வழு

பழைய சர்வரை முப்பதாம் தேதி அணைக்கிறார்களாம்.
செய்தி வந்தபோது
அரவேணுவில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.
மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்துவிட்டேன்.

பதினொரு வருடத்து நிரல்.
மழைமானியின் குட்டி வாளி ஒருமுறை கவிழ்ந்தால்
கால் மில்லிமீட்டர் என்று எழுதிவைக்கும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
அதற்குள்ளேயே
நானூற்றுப் பன்னிரண்டு வழுக்கள்.

நிரலை நகர்த்துவது சுலபம்.
ஒரே கட்டளை.
முதல் நாள் கமிட்டிலிருந்து
நேற்றுத் திருத்திய அரைப்புள்ளி வரை
கயிறு பிடித்துச் சாலை கடக்கும் பிள்ளைகள்போல
வரிசை குலையாமல் போய்ச் சேர்ந்துவிடும்.
வழுக்கள்தான் வரமாட்டேன் என்கின்றன.

முதல் இரவு எண்பத்தொரு சதவீதத்தில் நின்றது.
குஞ்சப்பனையில் மண் சரிந்து
கேபிளையும் ஒரு லாரி முட்டைக்கோசையும்
சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது.
இரண்டாம் இரவு கரண்ட் இல்லை.
மூன்றாம் இரவு,
காதுவரை கம்பளிக் குல்லாய், மடியில் கணினியின் சூடு,
'முடிந்தது' என்று பச்சையில் ஒரு சொல்.

திறந்து பார்த்தால்
எல்லாரும் நான்.

புது இடத்தில் கணக்கு இல்லாதவர் பேச்சையெல்லாம்
கொண்டுவந்தவள் பெயரிலேயே எழுதிவிடுமாம் அந்தக் கருவி.
ஆக, பின்னத்தை எப்படி முழுதாக்குவது என்று
நானே கேட்டு
'கையேட்டைப் படித்தீர்களா' என்று
நானே எரிந்து விழுந்து
நானே மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

எரிந்து விழுந்தது நான்தான்.
மன்னிப்புக் கேட்டது தூத்துக்குடி ஜெர்வாஸ்,
கேள்வி கேட்ட குற்றத்துக்கு.

எண்களும் மாறிவிட்டன.
பழைய 63:
'மேகமே இல்லாத இரவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை.'
நெடுகுளா ரேவண்ணா எழுதியது.
நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.
காந்தமா, ஒயரா, வாளியின் அச்சா,
மிர்ஸானா ஒரு வடிகட்டி எழுதிக் கொடுத்தாள்,
மழை நிற்கவில்லை.
பிறகொரு விடியலில் ரேவண்ணா ஒரு போட்டோ போட்டார்:
மழைமானிக் கம்பத்தில்
முதுகு சொறிந்துகொண்டு நிற்கிறது ஒரு காட்டெருமை,
கண்ணை மூடி,
உலகத்தில் இதற்குமேல் ஒன்றும் வேண்டாததுபோல.

நிரலில் இன்றும் இருக்கிறது அந்த வரி,
'63-ஐப் பார்க்கவும்.'
பார்த்தால் இப்போது
ஏதோ எழுத்துரு பற்றிய புகார் வருகிறது.
காட்டெருமை 188-க்குப் போய்விட்டது,
போட்டோ இல்லாமல்.
படங்களைச் சுமக்காதாம் கருவி.

பட்டியல் போட்டேன்.
பழைய எண், புது எண், உண்மையில் சொன்னவர்.
இரண்டு இரவு முழுக்க
என் பெயரை அழித்து இன்னொருவர் பெயர்,
என் பெயரை அழித்து இன்னொருவர் பெயர்.
மிர்ஸானா என்று தட்டும்போது விரல் கொஞ்சம் நின்றது.
ஆறு வருடமாகிறது அவள் எழுதி;
அந்த முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது.
உதவாத அந்த வடிகட்டியை
இடம் மாறும் சாக்கில் தூக்கிவிடலாம் என்று
எடுத்துப் பார்த்தேன்.
பனிநீர் சொட்டும் ஒவ்வொரு சொட்டும்
மழையாகப் பதியத் தொடங்கியது.
யாரும் புகார் செய்யாத ஒன்றை
இத்தனை நாள் அது தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
திரும்ப வைத்தேன். பக்கத்தில் அவள் பெயரையும்.

இருபத்தொன்பதாம் தேதி காலை
தேயிலைச் சரிவில் மஞ்சு இன்னும் எழவில்லை,
புது இடத்தின் முதல் வழு வந்தது.
எண் 967. ரேவண்ணா.
'காட்டெருமையை நீங்கள் பார்த்ததாகப் போட்டிருக்கிறது.
பார்த்தது நான்.'

ஒன்றை விட்டிருக்கிறேன்.

போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன்.
பழைய போனில் இருக்கும், சார்ஜர்தான் தேட வேண்டும் என்றார்.
வகை: வழு.
அவசரம்: உண்டு.
பொறுப்பு என்ற கட்டத்தில்,
இந்த ஒருமுறை சரியாகவே,
என் பெயர்.