காரணம் என்ற கட்டம்

பாங்வேலு சதுப்பில் எனக்குச் சம்பளம்
பார்த்துக்கொண்டிருப்பதற்கு.
கோரை மிதவையில் ஒரு கூடு,
நூறு அடி தள்ளி என் தோணி,
கழுத்தில் அரசாங்கத் தொலைநோக்கி.
முட்டை திருட ஆள் வந்தால் விசில் ஊதலாம்.
வேறெதற்கும் கை நீட்டக் கூடாது.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மரச்செருப்பைக் கவிழ்த்து வைத்தது போல் அலகு அந்தப் பறவைக்கு.
இரண்டு முட்டை. ஐந்து நாள் இடைவெளி.
மூத்ததன் கழுத்து நிமிர்ந்த பிறகுதான்
இளையது ஓட்டைத் தட்டியது.

"அது காப்பு முட்டை, கபாசோ,"
லுசாகாவிலிருந்து வந்த நமுகோலோ சொன்னாள்.
"மூத்தது தேறிவிட்டால் அது வேண்டியதில்லை.
கோடி வருடக் கணக்கு இது.
ஸ்டெப்னி மாதிரி."
ஸ்டெப்னிக்குப் பசிக்குமா என்று நான் கேட்கவில்லை.
லேசா எதையும் வீணுக்குப் படைப்பதில்லை என்று
போன ஞாயிறுதான்
கோயிலில் ஜெபம் சொல்லியிருந்தேன்,
நல்ல உரத்த குரலில்.

ஒன்பதாம் நாள் மூத்தது
இளையதின் பிடரியைக் கவ்வியது.
பதினொன்றாம் நாள் மறுபடி. தோல் பிய்ந்தது.
பன்னிரண்டாம் நாள் வெயில்.
தாய் அலகு நிறைய நீர் மொண்டு வந்து
மூத்ததன் முதுகில் ஊற்றியது, மெல்ல,
ஞானஸ்நானம் போல.
சிதறியதில் இரண்டோ மூன்றோ துளி
இளையதின் மேலும் விழுந்தது.
வாயைத் திறந்தது.
அருள் என்று சொல்ல வந்த நாக்கை
மடக்கிக்கொண்டேன்.
தாயைப் பழிக்கவும் வாய் வரவில்லை.
பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தது, அவ்வளவுதான்.

துடுப்பை இரண்டு முறை எடுத்தேன், வைத்தேன்.
விதிமுறைக்குப் பயந்தா, சம்பளத்துக்கா,
தெரியாது.
இரண்டாம் முறை கட்டை தட்டிச் சத்தம் வர,
தாய் திரும்பி
என்னை வெகுநேரம் பார்த்தது.

பதிவேட்டில் நாள், நேரம், காற்று எல்லாம் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதினேன்.
நமுகோலோ அதை அடித்து
'இயற்கை' என்று திருத்தினாள்.

என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட மழைக்காலத்தில்
ஊரே சொன்னது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று.
பிழைத்தாள்.
அதே வாரம் சிசாலா வீட்டிலும் அதைத்தான் சொன்னோம்.
அவன் பையன் பெயரை
இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

இன்று ராத்திரி முழங்கால் போட்டேன்.
ஸ்தோத்திரம் வரவில்லை.
நீயும் எதிலாவது
கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன்.

இருட்டில் மூத்தது அலகைக் கொட்டுகிறது, பசியில்.
திருடர்கள் வரும் மாதம் இது.
விடிந்தால்
அதற்குத்தான் காவல்.